பிரவுசருக்கும் திரைக்கும் நடுவே

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை, அகல் விளக்கு, மின் சாமான் என்று செய்யும் சிறு பட்டறைகளின் அலுவலக அறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பார்க்கலாம். களிமண் தூசி உள்ளே இறங்காமல் இருக்க, வேலை முடிந்ததும் துணி போட்டு மூடிவிடுவார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, 2018 ஏப்ரலில் இ-வே பில் வந்தது, 2020 ஜூலையில் உத்யம் பதிவு வந்தது. மூன்றுமே பிரவுசருக்குள் நடக்கும் வேலைகள். கம்ப்யூட்டரில் வேறு எது திறக்காவிட்டாலும் சமாளிக்கலாம். பிரவுசர் திறக்காவிட்டால் சரக்கு லாரியில் ஏறாது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற முடியாது. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வங்கிக் கணக்கைத் திறக்கப் பயமாக இருக்கிறது என்ற நிலை. இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் போடலாமா என்று கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். போடலாம் என்றுதான் நான் சொல்கிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன். இடையில் மாறியது வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம்: லினக்ஸில் பிரவுசர் தன் பக்கத்தைத் திரைக்குக் கொண்டுசேர்க்கும் வழி. அந்த மாற்றத்தில் தமிழ் எழுத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன்.

1984-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பாப் ஷைஃப்ளரும் ஜிம் கெட்டிஸும் எக்ஸ் விண்டோ சிஸ்டத்தைத் தொடங்கினார்கள். 1987-இல் அதன் பதினோராவது பதிப்பு வந்தது. எக்ஸ்11 என்று சொல்கிறோமே, அதுதான். அந்த வளாகத்தில் ப்ரோகிராம் ஓடும் கம்ப்யூட்டர் ஒரு கட்டடத்தில் இருக்கும், அதன் முகம் தெரியும் திரை வேறொரு கட்டடத்தில் இருக்கும். நடுவில் இருந்த கம்பி மெதுவானது. முழுப் படத்தையும் அந்தக் கம்பியில் அனுப்ப முடியாது. ஆகவே ப்ரோகிராம் கட்டளைகளை மட்டும் அனுப்பியது: இங்கே ஒரு கோடு போடு, அங்கே ஒரு பெட்டி போடு, இந்த இடத்தில் இத்தனையாம் எண் எழுத்தை வை. திரைப் பக்கம் உட்கார்ந்திருந்த எக்ஸ் சர்வர் அதைக் கேட்டு வரைந்தது. எழுத்துருக்கள்கூட சர்வரின் கையில்தான் இருந்தன.

ஆங்கிலத்துக்கு அது தாராளமாகப் போதும். ஓர் எண்ணுக்கு ஓர் உருவம், அவற்றை இடமிருந்து வலமாக அடுக்கினால் சொல் கிடைத்துவிடும். தமிழ் அதற்குள் அடங்காது. யூனிகோடில் ‘கொ’ என்று சேமிக்கும்போது ககரம் முதலில் வரும், ஒகரக் குறி அடுத்து வரும். வரையும்போதோ கொம்பு முன்னால் போக வேண்டும், ககரம் நடுவில் நிற்க வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். ‘கு’வும் ‘டு’வும் ‘மூ’வும் தனித்தனி உருவங்கள், மெய்யோடு ஒரு குறியை ஒட்டிவைத்து அவற்றைச் செய்துவிட முடியாது. எந்தக் குறி எங்கே நகர வேண்டும், எது எதோடு சேர்ந்து உருமாற வேண்டும் என்ற அறிவு வரைபவரிடம் இருக்க வேண்டும். எண்ணை வாங்கி உருவத்தை வைக்கும் சர்வரிடம் அது இல்லை.

யூனிகோடு பரவுவதற்கு முந்தைய காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அந்த ஊனத்தை நாம் எப்படிச் சமாளித்தோம் என்று. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமித்தோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தந்தது. அதே காலத்தில் டிஸ்கி என்ற குறியீடும் இருந்தது. ஆளுக்கொரு எழுத்துரு. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு பத்திரிகையின் பக்கத்தைத் திறந்தால் அதற்குரிய எழுத்துருவை முதலில் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐரோப்பிய எழுத்துகளின் குப்பைதான் தெரியும். தமிழ்நாடு அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றது 2010-இல், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயம்.

லினக்ஸ் பக்கத்தில் 2000-ஆம் ஆண்டையொட்டி ஒரு திருப்பம் ஏற்பட்டது. கீத் பேக்கார்டு எழுதிய ரெண்டர் நீட்சியும் எக்ஸ்எஃப்டி நூலகமும் எழுத்து வரையும் பொறுப்பைச் சர்வரிடமிருந்து எடுத்து ப்ரோகிராமின் பக்கம் கொண்டுவந்தன. எழுத்துகளைக் கோத்து அடுக்குவதற்குப் பாங்கோ வந்தது. பின்னால் ஹார்ஃப்பஸ் வந்தது. இன்று ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் கொடுப்பது ஹார்ஃப்பஸ்தான். பிரவுசர் இதற்குப் பழகச் சில காலம் பிடித்தது. ஃபயர்பாக்ஸ் 2-இல் இருபுறமும் சமன்செய்த பத்தி வந்தால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நின்றன. தமிழில் வலைப்பதிவு எழுதியவர்களுக்கு அது தீராத தலைவலி. 2008 ஜூனில் வந்த ஃபயர்பாக்ஸ் 3 அதைத் தீர்த்தது.

வரையும் பொறுப்பு இப்படி ப்ரோகிராமின் பக்கம் வந்ததற்குச் சிக்கலான எழுத்துகள் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். மழமழப்பான ஓரங்கள், நிழல், ஒளி ஊடுருவும் படங்கள் எல்லாமே சர்வரின் பழைய கட்டளைகளுக்கு அப்பாற்பட்டவை. ஆனால் முடிவு ஒன்றுதான். பிரவுசர் தன் பக்கத்தை முழுமையாகத் தானே வரைந்து முடித்துவிட்டு, முடிந்த படத்தைச் சர்வரிடம் நீட்டத் தொடங்கியது. வரையத் தெரிந்தவரிடம் வரைவு போய்விட்டது. அதன் பிறகும் எக்ஸ் சர்வர் நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. 2004-இல் காம்போசிட் என்ற நீட்சி வந்ததும் நிலைமை இன்னும் விநோதமானது. பிரவுசர் படத்தைச் சர்வரிடம் கொடுக்கும். சர்வர் அதை, ஜன்னல்களையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கும் கம்பாசிட்டரிடம் தள்ளும். கம்பாசிட்டர் சேர்த்து முடித்து மறுபடியும் சர்வரிடமே கொடுக்கும். சர்வர் திரையில் போடும். இரண்டு முறை கைமாறும் இந்தப் பயணத்தில் நேரம் பிசகினால் திரையின் மேல் பாதியில் புதிய படமும் கீழ்ப் பாதியில் பழைய படமும் தெரியும். பக்கத்தை வேகமாக ஸ்க்ரோல் செய்யும்போது குறுக்கே ஒரு கிழிசல் ஓடுமே, அது இப்படி வந்ததுதான்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது, 2007-இல் வெளிவந்தது. லினக்ஸ் என்ற பெயரையே முதன்முறையாக அந்தக் கறுப்பு மடிக்கணினியில்தான் கண்ட பிள்ளைகள் விருத்தாசலம் இருக்கும் கடலூர் மாவட்டத்தில் ஏராளம். அதைத் திறந்து பார்த்துவிட்டு விண்டோஸுக்கே திரும்பியவர்களும் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு லினக்ஸ் பிரவுசரில் வீடியோ ஓட்டினால் மெஷின் கொதிக்கும், மின்விசிறி இரையும், படம் கிழியும். நல்ல எண்ணத்தோடு கொடுக்கப்பட்ட ஒரு பொருள், இந்த ஒரு பலவீனத்தால் பாதி வீடுகளில் பயன்படாமல் போனது என்பது என் எண்ணம்.

அதற்கு மூன்று வருஷம் முன்பே, 2008-இல், ரெட்ஹாட் என்ற லினக்ஸ் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்த கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் இதற்கு மாற்று ஒன்றை எழுதத் தொடங்கியிருந்தார். மாசசூசெட்ஸில் உள்ள வேலண்ட் என்ற சிற்றூரின் பெயரை அதற்கு வைத்தார். 2012 அக்டோபரில் அதன் 1.0 பதிப்பு வந்தது. வேலண்டின் அடிப்படை எளிமையானது. ஜன்னல்களைச் சேர்க்கும் கம்பாசிட்டரேதான் திரைக்கும் பொறுப்பு. நடுவில் யாரும் இல்லை. ப்ரோகிராம் தன் படத்தை வரைந்து முடித்துவிட்டேன் என்று சொன்ன பிறகே கம்பாசிட்டர் அதைத் தொடும். அதனால் பாதிப் படம் வெளியில் வர வழியே இல்லை.

கேட்க எளிதாக இருக்கிறது. ஒரு பிரவுசருக்கு அதைக் கற்றுக்கொடுக்கத்தான் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. எக்ஸ்11-இல் எந்த ஜன்னலும் தான் திரையில் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளலாம், அந்தக் கணக்கை வைத்து மெனுவை விரிக்கலாம். வேலண்டில் அந்தத் தகவல் கிடைக்காது. ‘இந்தப் பொத்தானுக்குக் கீழே விரி’ என்று கம்பாசிட்டரிடம் கேட்டுக்கொள்ள மட்டும் முடியும். ஃபயர்பாக்ஸின் மெனுக்கள், சிறுகுறிப்புகள், காப்பி-பேஸ்ட், ஒரு டேபை இழுத்துத் தனி ஜன்னலாக்குவது என ஒவ்வொன்றையும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. ரெட்ஹாட்டின் மார்ட்டின் ஸ்ட்ரான்ஸ்கி இந்த வேலையில் வருஷக்கணக்காக மூழ்கியிருந்தார். 2019 அக்டோபரில் ஃபெடோரா 31 என்ற லினக்ஸ் வெளியீடு தன் ஃபயர்பாக்ஸை க்னோம் டெஸ்க்டாப்பில் வேலண்டிலேயே ஓட விட்டது. மற்றவர்கள் ஒரு சூழல் மாறியை எழுதிவைத்து அந்த வசதியைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. 2023 டிசம்பர் 19 அன்று வந்த ஃபயர்பாக்ஸ் 121-இல்தான் அதைத் தயாரிக்கும் மொசில்லாவே வேலண்டை இயல்பாக்கியது.

குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தின் கதை வேறு. ஓசோன் என்ற பெயரில் திரைக்கான ஒரு பொது அடுக்கைக் கூகுள் வைத்திருந்தது. 2013 வாக்கில் இன்டெல் குழு அதில் வேலண்டை இணைத்துப் பார்த்தது. பிறகு ஸ்பெயினின் கலீசியாவில் இருக்கும் இகாலியா நிறுவனம் பல வருஷம் உழைத்துக் குரோமியத்துக்குள்ளேயே அதைக் கொண்டுவந்தது. இதை எங்கோ நடந்த வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023-இல் ஜோஹோ வெளியிட்ட உலா பிரவுசர் குரோமியத்தின் மேல் கட்டப்பட்டது. தமிழ்நாட்டில் பிறந்த பிரவுசரிலும் அந்தக் கலீசியக்காரர்களின் வேலை இருக்கிறது.

படத்தை நேராகக் கொடுப்பதோடு விஷயம் முடியவில்லை. இன்றைய இணையப் பக்கம் ஒரே படம் கிடையாது. நகரும் கட்டுரை ஓர் அடுக்கு, மேலே நகராமல் நிற்கும் பட்டை ஓர் அடுக்கு, ஓரத்தில் ஓடும் வீடியோ இன்னோர் அடுக்கு. அன்று பிரவுசர் இவற்றையெல்லாம் தனக்குள் சேர்த்து ஒரே படமாக்கும். டெஸ்க்டாப் அந்தப் படத்தை மற்ற ஜன்னல்களோடு மறுபடியும் சேர்க்கும். கர்சர் ஒருமுறை கண் சிமிட்டினாலும் இரண்டு சேர்ப்பும் நடக்கும். பொம்மையின் கண்ணைத் திருத்த முழுப் பொம்மைக்கும் திரும்ப வண்ணம் பூசுவது மாதிரியான உழைப்பு அது. அடுக்குகளை அடுக்குகளாகவே இயங்குதளத்தின் கம்பாசிட்டரிடம் ஒப்படைத்தால் மாறியது எதுவோ அதை மட்டும் புதுப்பித்தால் போதும். ஃபயர்பாக்ஸ் இதை முதலில் மேக்கில் செய்து காட்டியது. 2019 அக்டோபரில் வந்த ஃபயர்பாக்ஸ் 70-இல், ஆப்பிளின் கோர் அனிமேஷனிடம் அடுக்குகளைக் கொடுத்ததும் மின்செலவு குறைந்தது. பக்கம் திறப்பது 22 சதவீதம் வரை வேகமானது என்றும் வீடியோவுக்கான சுமை 37 சதவீதம் வரை இறங்கியது என்றும் மொசில்லா அறிவித்தது. லினக்ஸில் வேலண்டின் துணைப்பரப்புகள் அதே வழியைத் திறந்தன. 2020-இல் கிராபிக்ஸ் சிப்பே வீடியோவை விரித்துக் கொடுக்கும் வசதி ஃபயர்பாக்ஸில் வேலண்ட் பக்கம்தான் முதலில் வந்தது, எக்ஸ்11-க்கு வந்தது அதற்குப் பிறகுதான். பழைய மெஷினில் பத்து வருஷத்துக்கு முன்னால் இரைந்த மின்விசிறி இன்று அடங்கியிருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது எழுத்தின் கூர்மை. சின்ன மடிக்கணினியில் தெளிவான திரை இருந்தால் எழுத்து பொடிசாகத் தெரியும் என்று 125 சதவீதம், 150 சதவீதம் எனப் பெரிதாக்கி வைக்கிறோம். எக்ஸ்11-க்காக எழுதிய பிரவுசர் வேலண்ட் டெஸ்க்டாப்பில் ஓடும்போது, பல இடங்களில் அதன் படத்தைச் சிறிய அளவில் வாங்கி இழுத்துப் பெரிதாக்குவார்கள். ஆங்கில எழுத்து கொஞ்சம் மங்கும், படிக்க முடியும். தமிழில் ‘ண’வின் சுழிகளையும் ‘ன’வின் சுழிகளையும் எண்ணித்தான் கண் பிரித்தறிகிறது. மங்கலில் இரண்டும் ஒன்றாகிவிடும். தொழிற்பேட்டையில் கணக்கு எழுதும் தங்கச்சி ஒருத்தி, “அண்ணே, எழுத்தெல்லாம் பனி மூடின மாதிரி இருக்கு, கண்ணாடி மாத்தணுமா?” என்று கேட்டாள். மாற்ற வேண்டியிருந்தது பிரவுசர் ஓடும் முறையைத்தான். 2022-இன் இறுதியில் பின்ன அளவுக்கான நெறிமுறை ஒன்று வேலண்டில் சேர்ந்தது. அதற்குப் பிறகு பிரவுசர் 125 சதவீதம் என்றால் அந்த அளவுக்கே எழுத்தை வரைந்து கொடுக்க முடிகிறது. இழுப்பும் இல்லை, சுருக்கலும் இல்லை.

பாதுகாப்பிலும் வித்தியாசம் பெரியது. எக்ஸ்11-இல் ஒரு ப்ரோகிராம் நினைத்தால் இன்னொரு ஜன்னலில் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டைக் கேட்கலாம், முழுத் திரையையும் படம் பிடிக்கலாம். யாரையும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1987-இன் பல்கலைக்கழகத்தில் ஒருவரையொருவர் நம்பினார்கள். நெட் பேங்கிங் அப்போது கிடையாது. வேலண்டில் ஒரு ஜன்னல் அடுத்த ஜன்னலைப் பார்க்க முடியாது. திரையைப் பகிர வேண்டும் என்றால் உங்களைக் கேட்டுவிட்டுத்தான். இந்தக் கட்டுப்பாட்டால் ஆரம்ப வருஷங்களில் ஆன்லைன் கூட்டங்களில் திரையைப் பகிர முடியாமல் பலர் தவித்தார்கள். திரைப் படத்தை அனுமதியோடு கடத்தும் பைப்வயர் வந்து அது சரியானது.

சரியாகாமல் நெடுநாள் இழுத்த ஒரு விஷயம் தமிழ்த் தட்டச்சு. தமிழ்99-இல் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தட்டுபவர்களுக்கு, தட்டிய விசையை எழுத்தாக்கும் ப்ரோகிராமும் பிரவுசரும் கம்பாசிட்டர் வழியாகப் பேசிக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சுக்கான நெறிமுறையின் முதல் பதிப்பைத்தான் குரோமியம் நெடுநாள் வைத்திருந்தது. க்னோம் மூன்றாம் பதிப்பை மட்டும் பேசியது. விளைவாக, க்னோமில் குரோமை வேலண்டில் ஓட விட்டால் ஐபஸ் வழியாகத் தமிழ் தட்டவே முடியாமல் இருந்தது. 2024-இல்தான் மூன்றாம் பதிப்பு குரோமியத்தில் சோதனை நிலையில் சேர்ந்தது. ஃபயர்பாக்ஸ் ஜிடிகே நூலகத்தின் வழியாகப் போவதால் இந்தத் தொல்லையிலிருந்து தப்பியது. ஒரு மொழிக்காரர்களுக்கு எழுதவே முடியாத நிலையைச் சின்னக் குறை என்று வரிசையில் பின்னால் தள்ளிவைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. சீனமும் ஜப்பானியமும் தட்டுபவர்கள் விடாமல் முறையிட்டதால் தமிழுக்கும் வழி பிறந்தது. நம் பக்கமிருந்து எழுந்த முறையீடுகள் குறைவு.

விருத்தாசலத்துக்கென்று இன்னொரு சங்கதி நிறம். நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிக் கிடைக்கும் களிமண்தான் இங்கே பீங்கான் தொழில் வேர்விடக் காரணம். ஆனால் பொருளை விற்பது மேலே பூசும் மெருகின் நிறம். இன்று வியாபாரி பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு முன் திரையில் பார்க்கிறார். சூளையிலிருந்து வந்த பழுப்பு அவர் திரையில் சிவப்பாகத் தெரிந்தால் சரக்கு திரும்பி வரும். எக்ஸ்11 நிறக் கணக்கைத் தான் செய்யவில்லை. அந்தந்த ப்ரோகிராம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. வேலண்டில் நிற மேலாண்மைக்கான நெறிமுறை பல வருஷ விவாதத்துக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் சேர்க்கப்பட்டது. பிரவுசர் ‘இந்தப் படத்தின் நிறம் இந்த அளவுகோலில் உள்ளது’ என்று சொல்லலாம். கம்பாசிட்டர் திரைக்குத் தக்கபடி அதை மாற்றும். பிரவுசர்கள் இதை முழுதாகப் பயன்படுத்தும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. சாயம் பார்த்து வாங்கும் தொழில் உள்ள ஊர்கள், திருப்பூரும் காஞ்சிபுரமும் உட்பட, இதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எக்ஸ்11-இன் காலம் இன்னும் முழுதாக முடியவில்லை. 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49 எக்ஸ்11 அமர்வை இயல்பில் அணைத்துவிட்டது. அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-இன் முதன்மை டெஸ்க்டாப்பில் வேலண்ட் மட்டும்தான். பழைய மெஷினுக்கு எல்லோரும் பரிந்துரைக்கும் லினக்ஸ் மிண்டோ இன்னும் எக்ஸ்11-இலேயே திறக்கிறது. 2024 ஜனவரி முதல் வேலண்ட் அங்கே சோதனை நிலையில் இருக்கிறது. பட்டறைக்காரர்களுக்கு மிண்ட் போட்டுக்கொடுத்தால் கிழிசலும் மங்கலும் கூடவே வர வாய்ப்பு உண்டு. நான்கு ஜிபி நினைவகம் இருந்தால் அவர்களுக்கு ஃபெடோராவோ டெபியனோ க்னோமோடு போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். திணறினால் மட்டும் மிண்ட்.

போட்ட பிறகு ஒன்றைச் சோதிக்கலாம். ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் ‘அபவுட்:சப்போர்ட்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும் பட்டியலில், ஜன்னல் நெறிமுறை என்ற பொருள் தரும் ஒரு வரி இருக்கும். அதில் வேலண்ட் என்று இருந்தால் பிரவுசர் நேர்வழியில் ஓடுகிறது. எக்ஸ்வேலண்ட் என்றிருந்தால் பழைய வழியில் சுற்றிப் போகிறது. எழுத்து மங்கினால், கொம்பு தள்ளி நின்றால், தமிழ்99 தட்டும்போது எழுத்து விழாமல் போனால், திரையைப் படம் எடுத்து எந்தப் பதிப்பு, எந்த டெஸ்க்டாப் என்று எழுதி மொசில்லாவின் பக்ஸில்லாவிலோ குரோமியத்தின் பிழைப் பட்டியலிலோ பதியுங்கள். ஆங்கிலம் தடுமாறினால், ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லிக்கொடுப்பதையே வேலையாக வைத்திருக்கும் அவர்களிடம் கேட்டால் பிழையை எப்படி எழுத வேண்டும் என்று காட்டுவார்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. விருத்தாசலத்தில் அது கையில் கிடைக்கும் பிள்ளைகள், அதிலே லினக்ஸைத் திறந்து தமிழில் தட்டிப் பார்த்து, விழாத எழுத்தைப் பற்றி முதல் முறையீட்டை எழுதட்டும்.